கேம் பாட்டுக்கு ஒரு கச்சேரியா?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்று ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா?

நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நண்பர்கள் நான்கு பேரோடு சேர்ந்து கரையான்சாவடி வீட்டு மாடியில் ஒரு பேண்டு நடத்துகிறான். கேமிங் திருவிழா ஒன்றில் வாசிக்க விண்ணப்பம் போட்டுவிட்டு, அதற்காகப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்கப்போவது சினிமாப் பாட்டு இல்லை. வீடியோ கேம் ஆடும்போது பின்னால் ஓடுமே, அந்த இசை. "கேம் பாட்டுக்கு ஒரு கச்சேரியா சார்? டிரம்ஸை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

குழுவில் பாதிப் பேர் "விற்றுவிடு" என்றீர்கள். பாதிப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஒரு பாடமே வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இதோ பாடம்.

முதலில், அந்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1972-இல் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. திரையில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் போகும், மட்டையில் பட்டால் 'பிப்' என்று சத்தம் வரும். அவ்வளவுதான். 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. அதில் நான்கே நான்கு ஸ்வரங்கள், மேலிருந்து கீழே இறங்கி வரும். அதே நான்கும் திரும்பத் திரும்ப வரும். ஆனால் எதிரிகள் நெருங்க நெருங்க அதன் வேகம் கூடும். ஆடுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கும். நான்கு ஸ்வரமும் காலப்பிரமாணமும் மட்டும் வைத்து ஒருவனைப் பதற வைக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

1983-இல் நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' வந்தது. அதன் சிப்பில் ஒலிக்கு மொத்தம் ஐந்தே வழிகள். மெட்டு வாசிக்க இரண்டு, அடித்தளச் சுருதி போல ஆழமான ஒலிக்கு ஒன்று, தாளத்துக்கு 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சிறு ஒலித் துணுக்குகளுக்கு ஒன்று. ஒரு பாடகர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு கடம், ஒரு தம்புரா என்று நம் ஊர்க் கச்சேரி மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அத்தனை பேர்தான் அந்தச் சிப்புக்குள். 1985-இல் கோஜி கோண்டோ என்ற இளைஞர் இந்தச் சின்ன மேடையை வைத்துக்கொண்டு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இசையை எழுதினார். 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

இது ஏதோ ஜப்பான்காரன், அமெரிக்காக்காரன் கதை என்று நினைக்காதீர்கள். 1990-களில் பள்ளியில் படித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டிவி கேம். ஊதி ஊதிச் சொருகிய கேசட். முழு ஆண்டு விடுமுறையில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வீட்டில். மாரியோ, கான்ட்ரா. நான் கரும்பலகையில் பானிபட் போர்களின் ஆண்டுகளை எழுதிக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டிருந்தீர்களே ஒரு மெட்டு, அது இளையராஜா மெட்டு இல்லை. அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. ஒரே மெட்டை மாதக்கணக்கில் தினமும் இரண்டு மணி நேரம் கேட்ட தலைமுறை நீங்கள். உங்களுக்கு அது மறக்குமா? உங்களுக்கே மறக்கவில்லை என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி மறக்கும்?

சரி, டிவிப் பெட்டிக்குள் இருந்த இசை மேடைக்கு எப்படி வந்தது?

கொய்ச்சி சுகியாமா என்று ஒருவர். 1931-இல் பிறந்தவர். தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பெயர் பெற்றவர். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குக் கணினி விளையாட்டில் ஆசை. எனிக்ஸ் நிறுவனத்தின் ஷோகி விளையாட்டு ஒன்றை ஆடிவிட்டு, பெட்டியோடு வந்த கருத்து அட்டையில் தன் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பினார். ஷோகி என்பது ஜப்பானியச் சதுரங்கம். அந்த அட்டையைப் பார்த்த நிறுவனத்தார் அவரைத் தேடி வந்தார்கள். அப்படித்தான் 1986-இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்கு அவர் இசையமைத்தார். அடுத்த ஆண்டே, 1987 ஆகஸ்டில், டோக்கியோவில் அந்த இசையை வாத்தியக் குழுவை வைத்து மேடையேற்றினார். கேம் இசைக்கென்று நடந்த தொடக்ககாலக் கச்சேரிகளில் அது முதன்மையானது. அன்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலக நாடுகளின் விளையாட்டு வீரர்கள் அணிவகுத்து உள்ளே வந்தபோது முதலில் முழங்கியது அதே டிராகன் குவெஸ்டின் முகப்பு இசைதான்.

சுகியாமா தொழில்முறை இசையமைப்பாளர். எல்லோரும் அப்படி இல்லை. சேகா நிறுவனத்தில் ஹிரோஷி கவாகுச்சி என்பவர் வேலைக்குச் சேர்ந்தது புரோகிராமராக. ஓய்வு நேரத்தில் ஒரு பேண்டில் வாசிப்பார். அது தெரிந்து, 1985-இல் வந்த 'ஹேங்-ஆன்' என்ற பைக் பந்தய விளையாட்டுக்கு அவரையே இசையமைக்கச் சொன்னார்கள். பிறகு சேகா ஊழியர்கள் சேர்ந்து 'எஸ்.எஸ்.டி. பேண்டு' என்று ஒன்று தொடங்கினார்கள். டைட்டோ நிறுவனத்தில் 'ஸுன்டாட்டா'. 1990-இல் டோக்கியோவில் கேம் இசைத் திருவிழா நடந்தபோது இந்த இரண்டு குழுக்களும் வாசித்தன. பகலில் கம்பெனி வேலை, மாலையில் ஒத்திகை. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டு, ஆயுத பூஜைக்கு மேடை போட்டுப் பாடிய பெரியப்பா, சித்தப்பாக்கள் உங்களில் பலருக்கும் உண்டே. அதே சங்கதிதான்.

'ஃபைனல் ஃபேன்டஸி' விளையாட்டுகளுக்கு இசையமைத்து உலகப் புகழ் பெற்ற நொபுவோ உவெமாட்சு யாரிடமும் முறையாகக் கற்கவில்லை, தானாகவே பழகியவர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, விளையாட்டுத் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு வருவோம். இங்கே எனக்குப் பிடித்த ஊர் ஒன்று வருகிறது: ஜெர்மனியின் லைப்சிக். செபாஸ்டியன் பாக் தன் கடைசி 27 ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய ஊர். அது பழைய வணிகச் சந்தை ஊரும்கூட. 1743-இல் அந்த ஊர் வணிகர்களும் பிரமுகர்களும் 16 பேர் பணம் போட்டு, 16 வாத்தியக்காரர்களை வைத்து ஒரு கச்சேரிச் சங்கம் தொடங்கினார்கள். அரண்மனைக்காக இல்லை, தேவாலயத்துக்காகவும் இல்லை, ஊர் மக்கள் கேட்பதற்காக. விரைவிலேயே அது நடந்த இடம் 'மூன்று அன்னங்கள்' என்ற விடுதி. நம் மொழியில் சொன்னால் சத்திரம். 1781-இல் ஜவுளி வியாபாரிகளின் கட்டடத்துக்குள் ஒரு மண்டபம் கட்டி அங்கே போனார்கள். 'கெவான்ட்ஹவுஸ்' என்றால் ஜவுளி மாளிகை என்றுதான் பொருள். இன்றும் அந்த அரங்குக்கும் இசைக்குழுவுக்கும் அதுவே பெயர்.

அதே கெவான்ட்ஹவுஸில் 2003 ஆகஸ்டில், லைப்சிக் நகரின் கேம்ஸ் கன்வென்ஷன் என்ற விளையாட்டுக் கண்காட்சியின் தொடக்க விழாவாக, கேம் இசையை மட்டுமே கொண்ட சிம்பொனிக் கச்சேரி நடந்தது. தாமஸ் பொக்கர் என்ற இளைஞர் ஏற்பாடு செய்தார், செக் தேசிய சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஜப்பானுக்கு வெளியே இப்படி ஒரு கச்சேரி அதுவே முதல். சந்தைக்கு வந்த கூட்டத்துக்குப் பாட்டு, சத்திரத்தில் பாட்டு, ஜவுளி மாளிகையில் பாட்டு, கடைசியில் கேம் கண்காட்சியில் பாட்டு. 260 ஆண்டுகளில் சரக்குதான் மாறியது. கூட்டம் கூடுகிற இடத்தில் பாட்டு நடக்கும் என்பது மாறவில்லை. தேர்த்திருவிழாவையும் மாட்டுச் சந்தையையும் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லைப்சிக்கில் வாசித்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். நம் மாடி அறைப் பிள்ளைகளுக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

1990-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் நெவாடா சிட்டியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து 'தி அட்வான்டேஜ்' என்ற பேண்டைத் தொடங்கினார்கள். பழைய நிண்டெண்டோ விளையாட்டுகளின் இசையைக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் வைத்து வாசிப்பது மட்டுமே வேலை. அதே காலத்தில் 'மினிபாஸஸ்' என்று இன்னொரு குழு. இவர்களை எந்தப் பெரிய அரங்கும் கூப்பிடவில்லை. அதனால் ரசிகர்களே மேடை போட்டார்கள். 2002 செப்டம்பரில் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் சில நூறு பேர் கூடி ஒரு வார இறுதி முழுக்க விளையாட்டும் பாட்டுமாக ஒரு திருவிழா நடத்தினார்கள். அதன் பெயர் 'மேக்ஃபெஸ்ட்'. பத்து ஆண்டுகளில் அது வாஷிங்டன் அருகே நேஷனல் ஹார்பரில் இருக்கும் பெரிய மாநாட்டு விடுதிக்கு மாறியது. பிறகு இருபதாயிரம் பேருக்கு மேல் வருகிற திருவிழாவாக வளர்ந்தது. அங்கே ஓர் அறையில் வாத்தியங்களை வைத்துவிடுவார்கள். வந்தவர் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம், முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து வாசிக்கலாம்.

2005-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி, "கேம் இசையை மட்டுமே வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா ஒன்று தொடங்கலாமா?" என்று நண்பர்களைக் கேட்டார். இசைத்துறை மாணவர்கள் மட்டும் என்று இல்லை. பொறியியல், உயிரியல், வணிகம் படிக்கிறவர்கள், பள்ளியில் வயலினோ புல்லாங்குழலோ கற்று, கல்லூரிக்கு வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள், எல்லோரும் வந்தார்கள். கேமர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று பெயர் வைத்தார்கள். கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். படித்து முடித்து வேலைக்குப் போனவர்களுக்கு வாத்தியத்தை மறுபடி பூட்ட மனம் வரவில்லை. 2012-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் அவர்கள் இன்னொரு குழு தொடங்கினார்கள், பகலில் அலுவலகம் போகிறவர்களின் குழு. அந்தக் குழு மேக்ஃபெஸ்ட் மேடையிலும் வாசித்தது. மேரிலாண்டிலும் வர்ஜீனியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் முடிந்தால் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இந்த வரலாற்றில் என் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. பணத்துக்காக வாசிக்காத ஒரு குழுவுக்குத் திறமையைவிட அவசரமாகத் தேவைப்படுவது ஒரு தேதி. தேதி இல்லாத குழு ஒரு பாட்டின் முதல் பாதியையே ஆறு மாதம் வாசித்துக்கொண்டிருக்கும். தேதி வந்துவிட்டால் பாட்டு முடிந்தாக வேண்டும். இந்தத் திருவிழாக்கள் அவர்களுக்குக் கொடுத்த பெரிய கொடை அதுதான்.

'பாட்டு முடிந்தாக வேண்டும்' என்று சொன்னதில் ஒரு பொருள் இருக்கிறது. கேம் இசைக்கு இயல்பாக முடிவு கிடையாது. ஆடுகிறவன் அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை அது சுற்றிச் சுற்றி வரும். ஒருவன் இரண்டு நிமிடத்தில் தாண்டுவான், ஒருவன் இரண்டு மணி நேரம் திணறுவான். அதனால் இசையமைத்தவர் ஒரு வளையமாக எழுதி வைத்திருப்பார். மேடையில் அப்படி வாசிக்க முடியாது. எங்கே தொடங்குவது, எத்தனை சுற்று வாசிப்பது, எங்கே வேகம் கூட்டுவது, எப்படி முடிப்பது என்பதை அந்தப் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும். நம் மிருதங்க வித்வான்கள் கணக்குப் போட்டுத் தீர்மானம் வைத்து எல்லோரையும் ஒரே சமத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அதுபோல ஒன்றை இவர்கள் தாங்களே உண்டாக்க வேண்டும்.

இன்னொரு வேலை, காதால் கேட்டு எழுதுவது. எழுதி வைத்த ஸ்வரத்தாள் எப்போதும் கிடைக்காது. ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எது மெட்டு, எது அடித்தளம் என்று பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் காலச் சிப்பில் ஒரே வழியில் ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பதுபோல் காட்ட, மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி அடிப்பார்கள். காது ஏமாந்து ஒன்றாகக் கேட்கும். சிப் அதைச் சிரமமே இல்லாமல் செய்யும். மனித விரலால் முடியாது. அதனால் கிட்டாருக்கு எது, கீபோர்டுக்கு எது என்று பங்கு பிரிக்க வேண்டும். கேம் இசை நிற்காமல் வேறு ஓடும். ஊதுகிற வாத்தியம் வைத்திருப்பவர் மூச்சு விடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

காதால் கேட்பது, பிரிப்பது, பங்கிடுவது, கணக்கிடுவது, ஐந்து பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஒரே நேரத்தில் முடிப்பது. இதற்குப் பாடத்திட்டத்தில் என்ன பெயர் வைத்தாலும் நான் மதிப்பெண் போடுவேன்.

நம் ஊரில் இதற்கு முன்னோடி இல்லையா? இருக்கிறது. பாவலர் வரதராஜனும் அவர் தம்பிகளும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போய்ப் பாடியது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவாக வந்தார். அவர்களுக்குக் கிடைத்த மேடை சங்கீத சபா இல்லை, மக்கள் கூடுகிற கூட்டம். ஏ.ஆர்.ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன்பு சென்னையில் 'ரூட்ஸ்', 'நெமசிஸ் அவென்யூ' என்று நண்பர்களோடு பேண்டுகளில் கீபோர்டு வாசித்தவர். கல்லூரி கல்ச்சுரல்ஸ் எத்தனை பேண்டுகளுக்குத் தேதி கொடுத்திருக்கிறது! ஐஐடி மெட்ராஸின் 'மார்டி கிரா', 1996-இல் 'சாரங்' என்று பெயர் மாறியது, இன்றும் நடக்கிறது.

மெல்லிசைக் குழுக்கள் வந்த புதிதில் என்ன சொன்னோம்? "சினிமாப் பாட்டுக்கு ஒரு கச்சேரியா?" பிறகு அந்தக் குழு இல்லாமல் ஒரு கல்யாண வரவேற்பு நடந்ததா? ஆகவே தம்பியின் கேள்வி புதிதில்லை. 'சினிமா' இருந்த இடத்தில் 'கேம்' வந்திருக்கிறது.

இவர்கள் எல்லோரும் இளையராஜாவும் ரஹ்மானும் ஆவார்கள் என்று சொல்லவில்லை. ஆயிரம் குழுக்களில் 999 பேர் ஆக மாட்டார்கள். அந்த 999 பேருக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு, கீபோர்டு வகுப்பு எல்லாம் பத்தாம் வகுப்புவரை. பிறகு பெட்டி பரணுக்குப் போய்விடும். வருமானம் தராத எதையும் பெரியவர்கள் ஆனபின் செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதுபோல் நடந்துகொள்கிறோம். உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் வயலின், வீணை, ஆர்மோனியம் தூங்குகிறது? நாற்பது வயதில் பேச்சுத்துணை இல்லை, மனம் சரியில்லை என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. மேரிலாண்டில் அலுவலகம் முடிந்து வயலினைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போகிறவர்களிடம் ஒத்திகை நாள் ஒன்று இருக்கிறது, எதிர்பார்க்கச் சிலர் இருக்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

இனி நம் சாலைக்கு வருகிறேன். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே அது இருக்கிறது. இந்தச் சாலையில் போரூரைத் தாண்டிப் பரங்கிமலைப் பக்கம் போனால் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். 2024 பிப்ரவரியில் சென்னையின் முதல் காமிக் கான் அங்கேதான் நடந்தது. வேஷம் கட்டிய பிள்ளைகள், படக்கதைப் புத்தகங்கள், விளையாட வரிசையாக கேம்கள், ஒரு மேடை. லைப்சிக்கில் தொடங்கிய கதை இன்று நம் பேருந்துத் தடத்திலேயே வந்து நிற்கிறது.

தம்பிக்கும், இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் என் பதில்: டிரம்ஸை விற்காதீர்கள். ஆனால் நிபந்தனைகள் வையுங்கள்.

முதலாவது, அண்டை வீடு. பூந்தமல்லி வட்டாரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இரவு எட்டு மணிக்கு மேல் டிரம்ஸ் கூடாது. டிரம்ஸ் மேல் போடும் ரப்பர்த் தட்டுகள் கிடைக்கின்றன, சத்தம் பெரிதும் குறையும். காதுக்கும் பாதுகாப்பு வேண்டும். சின்ன அறையில் மணிக்கணக்கில் அடித்தால் கேட்கும் திறன் போகும், போனது திரும்பாது.

இரண்டாவது, படிப்பு. அரியர் இருந்தால் அதற்கும் ஒரு தேதி வேண்டும். ஒத்திகை அட்டவணைக்குப் பக்கத்திலேயே தேர்வு அட்டவணையும் அதே சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவது, சட்டம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் அமெச்சூர் சங்கங்களுக்கென்றே ஒரு சலுகை வைத்திருக்கிறது. கட்டணம் வாங்காத பார்வையாளர்கள் முன் அப்படி ஒரு சங்கம் இசையை நிகழ்த்தினால் அது மீறல் ஆகாது. நுழைவுச்சீட்டு விற்கும் திருவிழாவுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, அங்கே உரிமம் தேவை. அதை யார் வாங்குகிறார்கள் என்று அமைப்பாளர்களிடம் பிள்ளைகள் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். மேடைக்குப் போகுமுன் மெட்டு யாருடையது என்று தெரிந்து, அவர் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்கட்டும். இதுவும் ஒரு கல்விதான்.

நான்காவது, விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் குழுவைக் கலைக்கக் கூடாது. அதே நாளில் தெருப் பொங்கல் விழாவோ குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவோ ஒன்றைப் பிடித்து வாசித்துவிட வேண்டும். தேதி தவறக் கூடாது.

கடைசியாக உங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பூந்தமல்லி, மாங்காடு, திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் பட்டறை, குடோன், டியூஷன் சென்டர் வைத்திருக்கும் மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். ஞாயிறு மதியம் பூட்டித்தானே கிடக்கிறது? மூன்று மணி நேரம் ஒரு குழுவுக்குத் திறந்துவிட முடியுமா? வாடகை வேண்டாம், மின்கட்டணத்தை அவர்கள் கொடுக்கட்டும். இடம் கொடுக்க முடிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பரணில் கிடக்கும் வாத்தியத்தை இறக்கித் தூசு தட்டியவர்களும் சொல்லுங்கள். பெயர்களைக் குறித்துவைக்க வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். இன்று மாலையிலிருந்து எழுதத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்